விலகினவரும் விலக்கினவரும்

இப்போது சபை மாறிப் போகிறவர்களுக்கு அச்சடித்த சீட்டு வந்துவிட்டது. பெயரையும் ஊரையும் நிரப்பி, மூன்று சொற்களில் வேண்டாத இரண்டை அடித்துவிட்டால் வேலை முடிந்தது. போன மாதம் பல ஊர்க் கிறிஸ்தவச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்து உபதேசிமார் கூட்டத்தில் அந்தச் சீட்டைச் சுற்றுக்கு விட்டார்கள். "இந்த ரெண்டு வரியக் கையால எழுதவா அந்தக் காலத்துல ஒரு பொழுது முழுக்க உக்காந்திருப்பிய?" என்று புதிதாக வந்த உபதேசியார் ஒருவர் என்னைக் கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் உபதேசியாராக இருந்தவன் நான். அந்த மூன்று சொற்களில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியது என்னிடம் இருக்கிறது. இனியும் சொல்லாமல் இருந்தால் அது கோழைத்தனம்.

என் படிப்பைப் பற்றி அதிகம் இல்லை. பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம். வேதாகமமும் ஜெபப்புத்தகமும் கொஞ்சம் சங்கீதமும் கற்றுக்கொடுத்தார்கள். சங்கீதம் என்னிடம் ஒட்டவில்லை. நான் பாட்டு எடுத்தால் சபையார் வேறு ராகத்தில் போய்விடுவார்கள். ஆனால் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த ஒன்றுக்காகத்தான் எங்கள் ஐயர் என்னைக் கேட்டு வாங்கினார். குருவானவரை எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டிய ஒரு வயற்காட்டு ஊரில் என்னை வைத்தார். அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது.

ஐயருக்குப் பன்னிரண்டு ஊர். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களுக்கு வாய்க்கும். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். காலை மாலை ஜெபம், பள்ளிக்கூடம், நோயாளி வீடு, சபையார் பெயரெல்லாம் அடங்கிய ஜாப்தா, ஐயர் இல்லாதபோது அடக்கம். ஞானஸ்நானமும் கல்யாணமும் நற்கருணையும் ஐயர் கைக்கே உரியவை. பிள்ளை உயிருக்கு ஆபத்து என்றால் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள்தான். ஆனால் எனக்கு முன்னால் இருந்தவர் சளி பிடித்த பிள்ளைக்கெல்லாம் ஊற்றிவிட்டிருக்கிறார். ஒருவரும் பிள்ளையைக் கோயிலுக்கே கொண்டுவரவில்லை. ஐயர் கோபப்பட்டு, "இனிமேல் என்னைக் கேளாமல் ஒருவரும் ஊற்ற வேண்டாம்" என்று கட்டளை போட்டுவிட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்றே அதை எனக்குச் சொன்னார். அது எனக்கு வெகு சௌகரியமாகப் போயிற்று. யார் எது கேட்டாலும், "ஐயர் வரட்டும்" என்பேன். ஊரில் எனக்கு அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது.

கடிதம் எழுதும் முறையை ஐயர் எனக்கு ஒரே நாளில் பழக்கிவிட்டார். எழுத உட்காரும்முன் இருவரும் கை கழுவ வேண்டும். நான் மேஜையில் இருப்பேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று சொல்வார். காகிதத்தைப் பார்க்க மாட்டார். முடித்ததும் நான் உரக்க வாசிக்க வேண்டும். "இது இன்னொரு சபையில் வாசிக்கப்படப் போகிற கடிதம். காதில் விழுந்து பார்க்க வேண்டும்" என்பார். கேட்டுத் திருப்திப்பட்ட பிறகே வந்து கையெழுத்து. அவர் கையெழுத்து இல்லாத கடிதம் எந்தச் சபையிலும் செல்லாது.

சபையை விட்டுப் போகிறவர்களுக்கு மூன்று விதமாக எழுதுவோம். கொழும்புக்கோ தேயிலைத் தோட்டத்துக்கோ பிழைக்கப் போகிறவர், 'சபை மாறினவர்.' மனஸ்தாபப்பட்டுத் தாமாகவே போகிறவர், 'சபை விலகினவர்.' பெரிய குற்றம் செய்து நாங்கள் வெளியே தள்ளியவர், 'சபை விலக்கினவர்.' அவ்வளவுதான். மேல் விவரம் ஒரு வரியும் எழுத ஐயர் விட மாட்டார். கோபித்துக்கொண்டு போகிறவனைப் பற்றிக் குறை எழுதி அனுப்புவது முதுகுக்குப் பின்னால் பேசுவது என்பார். அதனால் அந்த ஒரு சொல்தான் கடிதம் முழுவதும். விலகினவர் போன இடத்தில் உடனே சேரலாம். விலக்கினவர், விலக்கு நீங்கும்வரை எங்கேயும் சேர முடியாது. அவர் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கிடைக்காது.

விலகுகிறவர்கள் அபூர்வம் அல்ல. கோயிலில் பாய் விரிக்கிற இடத்துக்காகச் சண்டை போட்டு ஒரு குடும்பம் விலகியது. போன கோயிலில் பிரசங்கம் இன்னும் நீளம் என்று மூன்று வாரத்தில் திரும்பி வந்தார்கள். ஐயர் ஒன்றும் கேட்கவில்லை. பழைய இடத்தில் பாயை விரித்துக்கொண்டார்கள். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து, விலகுகிறவர்கள் எல்லாருமே பிடிவாதக்காரர்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

ஞானமுத்து பிடிவாதக்காரன் அல்ல. வயல் வேலைக்காரன், அதிகம் பேச மாட்டான். மனைவி பெயர் எஸ்தர். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே நோஞ்சான். நாலாம் நாள், வியாழக்கிழமை காலையில், ஞானமுத்து பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான்.

"உபதேசியாரே, பிள்ளை பாலு குடிக்க மாட்டேங்கு. ஒரு எட்டு வந்து தண்ணி ஊத்திருங்க."

"ஞாயித்துக்கிழமை ஐயர் வாராருல்லா? அவரு வரட்டும்."

"அதுவரை தாங்குமான்னு தெரியலயே."

"தாங்கும், தாங்கும். பயப்படாதே. நான் ஜெபம் பண்ணுதேன்."

போய் ஜெபம் பண்ணத்தான் செய்தேன். பிள்ளையின் தலைமாட்டில் ஒரு செம்பில் தண்ணீர் தயாராக இருந்தது. எஸ்தர் அதை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் பார்க்காததுபோல் எழுந்து வந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளை செத்துப்போயிற்று.

ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அடக்க ஆராதனை கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. இது நான் உண்டாக்கிய முறை அல்ல. ஆனால் அதை அன்று நடத்தியவன் நான். மதிலுக்கு வெளியே முள் அடர்ந்த உடைமரத்தின் ஓரமாகக் குழி எடுத்தார்கள். நான் புத்தகத்தைத் திறக்கவில்லை, மணி அடிக்கச் சொல்லவில்லை. மதிலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானமுத்து தானே மண்ணைத் தள்ளினான். எஸ்தர் அழவில்லை, மதிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் குடையை மடக்கிக்கொண்டே இருந்தார். "முறைப்படிதான் செய்திருக்கிறீர்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஆராதனை முடிந்ததும் கோயில் படியில், சபையார் அத்தனை பேர் முன்னாலும், ஞானமுத்து ஐயரிடம் கேட்டான்.

"எங்களுக்கு ஒரு கடிதம் வேணும் ஐயரே. நாங்க வேற கோயிலு பாத்துக்கிடுதோம்."

"எந்தக் கோயில்?"

"தெரியாது. பிள்ளை பொறந்த அன்னைக்கே தண்ணி ஊத்துற கோயிலு எங்கயாச்சும் இருக்கும்லா? தேடிப் போறோம்." பிறகு என்னைப் பார்த்தான். "இவரு செம்புத் தண்ணியப் பாத்துக்கிட்டே எந்திரிச்சுப் போனவரு."

எனக்கு முகம் எரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டானே என்ற வெட்கம் ஒரு பக்கம். ஊர் முன்னால் சொல்லிவிட்டானே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். எது பெரியது என்று கேட்டால் ஆத்திரம்தான் பெரியது.

அன்று பிற்பகலே கடிதம் எழுதினோம். கை கழுவினோம். ஐயர் ஜன்னலைப் பார்த்து நின்று சொன்னார்: "இதைக் கொண்டுவருகிற ஞானமுத்துவும் அவர் மனைவி எஸ்தரும் எங்கள் சபை விலகினவர்கள்." எழுதினேன். வாசித்துக் காட்டினேன். ஐயர் வந்து கையெழுத்துப் போட்டார். வெளியே காத்திருந்த ஞானமுத்து கடிதத்தை வாங்கி மடித்து முண்டாசுக்குள் வைத்துக்கொண்டான். அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது, எஸ்தருக்கும் கிடையாது. மறுவாரம் வீட்டை ஒழித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, முறை இல்லாத நாளில், ஐயரின் வண்டி வந்து பள்ளிக்கூடத்தின் முன்னால் நின்றது. பிள்ளைகளை வெளியே விடச் சொன்னார். மேஜையில் ஒரு காகிதத்தை வைத்தார். நாலு மடிப்பும் தேய்ந்து கிழியப்போகிற நிலையில், என் கையெழுத்தில் இருந்த காகிதம்.

"வாசியும்" என்றார்.

வாசித்தேன். "...எங்கள் சபை விலகினவர்கள்."

"மறுபடியும்."

மறுபடியும் வாசித்தேன். அவர் கடைசிச் சொல்லின் அடியில் விரலை வைத்தார். அப்போதுதான் பார்த்தேன். 'விலக்கினவர்கள்' என்று இருந்தது. நடுவில் ஒரு 'க்', புள்ளியோடு, முத்து மாதிரி உட்கார்ந்திருந்தது. எழுதிய அன்றும், இன்று இரண்டு முறையும், என் வாய் ஐயர் சொன்னதைச் சொல்லியிருக்கிறது. கை வேறு எழுதியிருக்கிறது.

கடிதத்தோடு நாங்குநேரிப் பக்கத்துக் குருவானவர் ஒருவர் எழுதிய குறிப்பும் இருந்தது. இவர்களை எந்தக் குற்றத்துக்காக விலக்கினீர்கள் என்று கேட்டிருந்தார். "மூன்று கோயில்களில் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், என்னிடம் வந்தது நாலாவது. பெண் நிறைமாதமாக இருக்கிறாள். முதல் பிள்ளைபோல் இதுவும் ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்து சாகிறாள். விலக்கு நீங்காமல் நான் கொடுக்க இயலாதே" என்று எழுதியிருந்தார்.

"இது யார் எழுதினது?" என்று ஐயர் கேட்டார்.

"நான்தான்."

"கையெழுத்து?"

"தங்களுடையது."

"அப்படியானால் இரண்டு பேரும்தான்" என்றார்.

கை தவறிவிட்டது என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். தடுத்தது நல்லது. தவறியதுதானா என்று எனக்கே இன்றுவரை நிச்சயமில்லை. அத்தனை கடிதங்களில் ஒரு முறையும் தவறாத கை, என்னை அவமானப்படுத்தியவனின் கடிதத்தில் மட்டும் ஏன் தவற வேண்டும்?

ஐயர் என்னை எழுப்பிவிட்டு என் இடத்தில் தாமே உட்கார்ந்தார். நடுக்கமான எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, புதுக் கடிதம் எழுதினார். "தபாலில் போட வேண்டாம். நீர் கொண்டுபோய் அவன் கையில் கொடும். எதற்காக வந்தீர் என்பதையும் நீரே சொல்லும்" என்றார்.

சேரன்மாதேவி வரை வண்டி. அதற்கப்புறம் களக்காடு வழியாக நடை. நாங்குநேரியில் குருவானவரை விசாரித்து இடம் கண்டுபிடித்தபோது இரண்டாம் நாள் காலை ஆகிவிட்டது. எஸ்தரின் சொந்தக்காரர் தோட்டத்தில் ஞானமுத்து மாட்டைப் பூட்டிக் கிணற்றில் கமலை இறைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் மாட்டை நிறுத்தவில்லை. நான் வரப்பில் நின்றேன். ஒரு பாத்திக்குத் தண்ணீர் நிறைந்த பிறகுதான் வந்தான்.

"என்ன வே இவ்வளவு தூரம்?" என்றான். உபதேசியாரே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

"கடிதத்துல ஒரு பிழை ஞானமுத்து. நான் செஞ்ச பிழை."

"என்ன பிழை?"

"ஒரு எழுத்து. நீங்களா விலகிப் போனியன்னு ஐயரு சொன்னாரு. நாங்க உங்களத் தள்ளிட்டோம்னு ஆகிற மாதிரி எழுதிட்டேன்."

அவன் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். மெதுவாகத்தான் பேசினான்.

"அதானா? வாசிச்சதும் எல்லாரும் என் மூஞ்சிய ஒரு மாதிரியாப் பாத்தாங்க. திருடன்னு நெனச்சாங்களோ, குடிகாரன்னு நெனச்சாங்களோ. பாளையங்கோட்டையில ஒரு ஐயரு, 'மனந்திரும்பு தம்பி'ன்னு சொல்லி என் தலையில கைய வச்சு ஜெபம் பண்ணினாரு வே. எதுக்குன்னு தெரியாமலே நானும் ஆமென் சொல்லிட்டு வந்தேன்."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குடிசையிலிருந்து எஸ்தர் வந்தாள். கையில் பிள்ளை. பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. நான் சொன்னதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. நான் ஐயரின் புதுக் கடிதத்தை நீட்டினேன். "இதைக் கொண்டுபோனா இங்கன உள்ள கோயில்ல உடனே சேத்துக்கிடுவாங்க. பிள்ளைக்கும் ஞானஸ்நானம் கொடுப்பாங்க."

"அவனுக்கு நான் ஊத்திட்டேன்" என்றாள் எஸ்தர்.

ஞானமுத்து கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"மூணா நாளு இவனும் பாலு குடிக்கல. யாரத் தேடி ஓட? யாரு வருவா? செம்புல தண்ணி இருந்துது. பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலேன்னு சொல்லி ஊத்தினேன். வார்த்தை சரிதானா?"

"சரிதான்."

"பொறவு பையப் பைய குடிச்சிட்டான்." பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "இவனுக்கு ஒண்ணும் கொறவில்ல. எனக்கு மூத்தவளுக்கு ஒரு கடிதம் வேணும்."

"எந்த மூத்தவளுக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மதிலுக்கு வெளிய கெடக்காளே, அவளுக்குத்தான்."

"செத்த பிள்ளைக்குக் கடிதம் எழுதுற வழக்கம் இல்லையேம்மா."

"எங்களுக்குக் கடிதம் குடுத்திய, நாலு கோயில்ல காட்டினோம். அவ கையில ஒண்ணுமில்லாமப் போயிருக்காளே. போன எடத்துல, நீ எந்தச் சபைன்னு கேட்டா என்ன சொல்லுவா? பேசக்கூடத் தெரியாத பிள்ளை."

ஐயர் வரட்டும் என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பையில் பள்ளிக்கூட நோட்டும் பென்சிலும் இருந்தன. ஒரு தாளைக் கிழித்து முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

"பேரு என்ன வைக்க இருந்திய?"

"ரூத்து" என்று ஞானமுத்து சொன்னான்.

எழுதினேன். "இதைக் கொண்டுவருகிற ரூத், ஞானமுத்து எஸ்தர் இவர்களின் மகள்." அதற்குமேல் எந்தச் சொல்லை எழுதுவது? அவள் மாறினவளும் அல்ல, விலகினவளும் அல்ல. நாலு நாள் பிள்ளை எதை விட்டு விலகும்? "எங்கள் சபை விலக்கினவள்" என்று எழுதினேன். இந்த முறை கை தவறவில்லை.

வாசித்துக் காட்டச் சொல்லி எஸ்தர் கேட்டாள். பெயர் வரைக்கும் வாசித்தேன். அதற்குமேல் வாசிக்காமல் தாளை அவளிடம் நீட்டினேன். அவள் தாளை வாங்கி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"ஐயரு கையெழுத்து இல்லையே. இது செல்லாதுல்லா?"

ஊருக்குத் திரும்பி ஐயரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவரைக் கேளாமல் கடிதம் எழுதியதற்கு வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்தச் சொல் எழுதினீர்?" சொன்னேன். முறையா தவறா என்று அவர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மூன்று ஊர்களில் ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. அதுவரை ஒரு முறையும் தவறாதவர், உபதேசிமாரே ஜெபம் நடத்தட்டும் என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டு நாங்குநேரிக்கு வண்டி கட்டச் சொன்னார். என்னைக் கூப்பிடவில்லை. அங்கே நடந்ததைப் பற்றி அவர் இருக்கும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்களுக்கு வந்த ஒரே மாற்றம், பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் உடனே ஊற்றிவிட்டுத் தமக்குச் சொல்லி அனுப்பினால் போதும் என்ற புதுக் கட்டளைதான்.

நாங்குநேரியில் நடந்ததை நான் ஞானமுத்து சொல்லித்தான் அறிந்தேன். பல வருஷம் கழித்து அம்பாசமுத்திரம் சந்தையில் அவனே என்னைக் கண்டு நின்று பேசினான். எங்களிடம் அவர்கள் திரும்பி வரவே இல்லை; நாங்குநேரிச் சபையிலேயே இருந்துவிட்டார்கள். ஐயர் முதலில் அந்தக் குருவானவரிடம் போய், தாய் ஊற்றியதே ஞானஸ்நானம், மறுபடி ஊற்றக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாராம். பிறகு குடிசைக்குள் குனிந்து நுழைந்து, தரையில் உட்கார்ந்து, பென்சிலால் எழுதிய அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாராம். எஸ்தர் வாசிக்கச் சொன்னாளாம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோயிலில் வாசிப்பதுபோல் உரக்க, "எங்கள் சபை விலக்கினவள்" என்று முழுவதும் வாசித்தாராம். தாளை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, "நாங்கள்தான் அம்மா விலக்கினோம். அவள் மேல் குற்றம் ஒன்றும் இல்லை" என்றாராம்.